தம்பிஐயா மாஸ்ரர் வெட்டிய ஒன்பது ‘செற்’

“பல்லுச் செற்றை ஏன் வெட்டினியள் மாஸ்ரர்? உங்கட வாயிலயே ஒண்டு கிடக்குது!”

லோஜனா இப்படிக் கத்தியதும் புங்குடுதீவு வாசிகசாலையில் இருந்த அவ்வளவு பேரும் தம்பிஐயா மாஸ்ரரின் வாயைப் பார்த்தோம். அவர் சட்டென்று மூடிக்கொண்டார். ஆனால் மூடிய வாயால் சண்டை பிடிக்க முடியாதே!

“பிள்ளை, நீர் ஊர்க்கதையை எழுதிப்போட்டு இங்கிலீஸ் எண்டு சொல்ல ஏலாது.”

பின்னேர ஆங்கில வகுப்புக்கு ஒருவர் தேவை. லோஜனாவும் மாஸ்ரரின் தங்கை மகன் கோபிசங்கரும் விண்ணப்பித்திருந்தார்கள். ‘செற்’ (set) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் பிறப்பும் எழுதவேண்டும், அதிகம் எழுதுபவருக்கு வகுப்பு என்றார் மாஸ்ரர். கிடைக்காவிட்டால் லோஜனாவைக் கொழும்பில் சித்தி வீட்டுக்கு அனுப்புவதென்று தாய் இராசமணி பெட்டியே அடுக்கிவிட்டாள். அந்தச் சித்தியின் குணம் எனக்குத் தெரியும். எதிரிக்கும் வேண்டாம்.

லோஜனா இருபத்துமூன்று எழுதினாள். நகைச் செற், சூரியன் விழுவது, ஜெலி இறுகுவது, சம்பந்தம் பொருந்துவது என்று போனது. மாஸ்ரர் ஒன்பதை வெட்டினார். கோபிசங்கர் எழுதியது பதினைந்து.

“கூட்டத்தைச் சொல்லுற செற் லத்தீனில பிறந்து பிரெஞ்சுக்காரரோட வந்தது. வைக்கிற செற் இங்கிலீசின்ர சொந்தப் பிள்ளை. ரெண்டும் வேற வேற ஆக்கள், மாஸ்ரர். ஒரு வளவுக்குள்ள இருந்து முகம் ஒண்டாப் போச்சுது,” என்றாள் லோஜனா.

“என்ர அகராதியில அப்பிடி இல்லை!”

“போனில பாப்பமே, மாமா?” என்றான் கோபிசங்கர். மாமா முறைத்தார்.

அந்த நேரம் கனடாவிலிருந்து மகள் போனில் அழைக்க, மாஸ்ரர் வெளியே போனார். பிறர் பொருளைத் தொடுகிற பழக்கம் எனக்கில்லை. மேசையில் அவர் விட்டுப்போன அகராதியில் தூசு இருந்தது, தட்டினேன். தட்டும்போது தானாகத் திறந்தது. ‘செற்’ இருக்கவேண்டிய இடத்தைக் கறையான் தின்று முடித்திருந்தது. என் விரல் மறுபக்கத்தால் எட்டிப் பார்த்தது.

“மாஸ்ரர், இதுக்குள்ள செற் எங்க?” கொஞ்சம் பலமாகத்தான் கேட்டேன்.

வந்தார், பார்த்தார். “நான் கடைசியாப் பாத்தது எழுபத்தெட்டில,” என்றார் மெதுவாக.

பிறகு பேனையை எடுத்து, வெட்டிய ஒன்பதுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு ஒரு மனம் வேண்டும். கோபிசங்கர் விட்ட பெருமூச்சு கடைசி வாங்கில் இருந்தவர் வரை கேட்டது. வகுப்பு எடுக்க அவன் எங்கே கேட்டான்? மாமாதான் தள்ளிவிட்டவர்.

அடுத்த மாசியில் கோபிசங்கர் சுவிசுக்குப் போய்விட்டான். மாஸ்ரரை மகள் ரொறன்ரோவுக்கு அழைத்துக்கொண்டாள். லோஜனா, தன்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த, இங்கே தபாற்கந்தோரில் வேலை பார்க்கும் அனலைதீவுப் பிரதாபனைக் கட்டினாள். நான் சமைக்கிற குசினி யன்னலுக்கு நேரே உள்ள வீட்டில்தான் இருக்கிறார்கள்.