டாரில் குரல் கொடுத்த வைக்கிங்குகள்

நரெல்லுக்கு வீடியோ கேம் என்றாலே ஆகாது. அந்தத் தொழில் பத்து வருஷம் அவள் புருஷனை நேரத்துக்கு வீடு வந்து சேர விடாமல் வைத்திருந்தது, பின்னே எப்படி ஆகும்? அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரிஸ்பேன் பக்கத்து ரெட்கிளிஃப் வீட்டு ஹாலில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, டிவி திரையில் கோடாரியோடு வைக்கிங் கொள்ளைக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். துரத்தினாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அவர்கள்தான் அவளைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள்.

"இவ்வளவுதானா உன் வீரம்? போ, போய் ஆட்டுக்குட்டி மேய்!" என்றான் ஒரு தாடிக்காரன், அவள் பிணத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு.

அது அவள் புருஷன் டாரிலின் குரல்.

டாரிலுக்கு இப்போது குரல் கிடையாது. தொண்டையில் வந்த கட்டி மூச்சை அடைக்க ஆரம்பித்ததும், ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கிற வீடியோ எல்லாம் அவன் எடுத்தது, அதனால் எதிலும் அவன் இல்லை. போனில் பேசுவதும் அவனுக்குப் பிடிக்காது, "சரி" என்று ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்புகிற ஜென்மம்.

இப்போது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தட்டுவான், போன் வாசிக்கும். லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்வானே ஒருத்தன், அதே குரல். நரெல் அதற்கு லிஃப்ட்காரன் என்று பேர் வைத்திருந்தாள். டாரில் தான் பேசுகிற பாணியில் எதையாவது தட்டினால் லிஃப்ட்காரன் அதைக் கடித்துத் துப்பினான். அதனால் டாரிலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதப் பழகிவிட்டான். "தேநீர் வேண்டும்." "குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டேன்." அதோடு சரி.

வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். கட்டி திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உன் மனசில் என்ன ஓடுகிறது என்று நரெல் எத்தனை தடவை கேட்டாலும், "நான் நலமாக இருக்கிறேன்" என்றான் லிஃப்ட்காரன். கட்டின புருஷன் எதிரில் இருக்க, லிஃப்டோடு குடித்தனம் நடத்தி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அவளுக்கு அவன் வேண்டும். பயமோ கோபமோ, எதுவானாலும் அவன் வாயால் வர வேண்டும்.

வழி சொன்னவள் ட்ரூடி. டாரில் வேலை பார்த்த பிரிஸ்பேன் ஸ்டூடியோவில் சத்தம், குரல் எல்லாம் அவள் பொறுப்பாக இருந்தது.

"மறந்துட்டியா நரெல்? 'பனிக்கோடாரி' கேம்ல வர்ற அடியாளுங்க அத்தனை பேரும் அவன்தானே! எனக்குக் கொஞ்சம் பேச்சு மட்டும் புடிச்சு அனுப்பு. போன்ல பேசுறதுக்கு அவன் குரலையே செஞ்சு தர்றேன்."

மறக்கிற விஷயமா அது? நடிகர்கள் வருகிறவரைக்கும் அளவு பார்க்க யாராவது ஒப்புக்குப் பேசி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அடியாட்களுக்கு டாரில் பேசி வைத்தான். அதை எடுத்துவிட்டு நடிகர் குரலை வைக்க வேண்டும். ஆனால் ஒன்றரை வருஷமாக ராவும் பகலும் அதையே கேட்டுக்கேட்டு, இது ஒப்புக்கு வைத்த குரல் என்பதே அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அப்படியே கடைக்குப் போய்விட்டது. நார்வே பனியில் நிற்கிற வைக்கிங், இந்தப் பக்கத்து டவுன்ஸ்வில் மீன் கடையில் நிற்கிறவன் மாதிரி பேசினான். ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் ஸ்டூடியோவும் படுத்தது. அது வேறு காரணத்தால்தான், ஆனால் டாரில் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கேம் டிஸ்க்கைக் கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டவன், அப்புறம் தொடவே இல்லை.

"வேண்டாம். அது நான் அல்ல," என்று லிஃப்ட்காரனை விட்டுச் சொல்லிவிட்டு, இன்றைக்கும் பின்கட்டில் புல்வெட்டும் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நரெல் விடவில்லை. ட்ரூடி சொன்னபடி இசையையும் வாள் சத்தத்தையும் பூஜ்யத்துக்கு இறக்கி, பேச்சை மட்டும் ஏற்றி, பதிவுக் கருவியைச் செருகியிருந்தாள். சண்டையில் ஆடுகிறவர் அடிபட்டால்தான் எதிரி வாய் திறப்பான் என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். அந்த வகையில் அவளைப் போல் ஆள் கிடைப்பது அபூர்வம்.

அதுவரை பிடித்ததைக் கேட்ட ட்ரூடி போனில் பெருமூச்சு விட்டாள். "எல்லாம் கத்தலா இருக்கே! இத வச்சுச் செஞ்சா, உப்பு எடுன்னு கேட்டாலும் தலைய வெட்டப் போறவன் மாதிரிதான் கேப்பான். சாதாரணமாப் பேசுறது எதுவும் இல்லையா?"

"வைக்கிங் எங்கடி சாதாரணமாப் பேசுவான்?"

"போய் ஆட்டுக்குட்டி மேய்!" என்றான் தாடிக்காரன் மறுபடியும்.

பின்கதவு படாரென்று திறந்தது. கை முழுக்க கிரீஸோடு டாரில் வந்து நின்றான். குரலைக் கேட்டு வரவில்லை, அவள் ஆடுகிற லட்சணம் தாங்காமல் வந்தான். அந்த ஆட்டத்துக்காக அவன் வடிவமைத்த கோட்டை வாசலில் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு கோடாரி வீசினால் அவனுக்கு வயிறு எரியாதா?

"இந்தப் பட்டன்தான்டா சரியில்ல," என்றாள் நரெல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டாரில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தான். திரை இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் கழித்தும் அந்த விரல்களுக்கு ஒவ்வொரு மூலையும் தெரிந்திருந்தது. எதிரிகள் மழையில் புற்று ஈசல் விழுவதுபோல விழுந்தார்கள். ஒருத்தனுக்கும் வாயைத் திறக்க நேரமில்லை.

"அவங்கள கொஞ்சம் பேசத்தான் விடேன்டா! அதுக்குத்தானே நான் காலையிலேருந்து சாகுறேன்!"

அவன் ஒரு கையால் போனில் தட்டினான். "அவர்கள் பேச வந்தவர்கள் அல்லர்," என்றான் லிஃப்ட்காரன்.

நரெல்லுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதவை அறைந்துகொண்டு வந்த மனுஷன் இப்போது தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். ஆனால் வேண்டியது கிடைத்தபாடில்லை.

அடுத்த கட்டத்தில் பனிக்காட்டு நடுவே ஒரு முகாம். நெருப்பு மூட்டி இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். டாரிலின் ஆள் பாய்வதற்குத் தயாராக நின்றான். நரெல்லின் ஆளோ ஒரு பைன் மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டான்.

"இரு, இரு, போயிடாத. நான் மாட்டிக்கிட்டேன்."

அவன் பல்லைக் கடித்தான். தன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அவளுடையதை வாங்கக் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டத்தில் யாருமே அசையவில்லை.

"என்னா குளிருடா இது," என்றான் நெருப்போரம் நின்றவன்.

டாரிலின் கை அப்படியே நின்றது.

"குளிர விடு மாப்ள. வீட்டுக்குப் போயாகணும். அவ தட்டுமேல அலுமினியத் தாளை மூடி ஓவன்ல வச்சிருப்பா. நான் போறதுக்குள்ள காஞ்ச ரொட்டியாட்டம் ஆயிருக்கும். பிரமாதம்னு சொல்லித்தான் தின்னணும்."

"ஏன், நல்லால்லன்னு சொல்லேன்."

"அவ முழிச்சு உக்காந்திருப்பாடா. பாவம். வாய் வருமா?"

கத்தல் இல்லை, வீராப்பு இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷன், இன்னொரு களைத்த மனுஷனாகவும் தானே பேசிக்கொண்ட பேச்சு. 'காவலர்கள் உரையாடுகிறார்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள், என்ன உரையாடுவது என்று யாரும் எழுதவில்லை. வேலை முடியாத ஏதோ ஒரு நாளில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, அவனே மறந்துபோயிருந்தான். ஆட வந்தவர்களும் யாரும் கேட்டதில்லை. இந்த ஆட்டத்தில் எதிரியைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கிறவன் எவன்?

"காஞ்ச ரொட்டியா?" என்றாள் நரெல், அந்தப் பேச்சைக் கெடுக்காமல் வாய்க்குள்ளேயே. கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

டாரில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். காவல்காரர்கள் வேலி சாய்ந்ததைப் பேசினார்கள், நாயின் காதுப் புண்ணைப் பேசினார்கள், கார் கிளட்ச்சைத் திட்டினார்கள். வைக்கிங்குக்கு ஏது கிளட்ச்? பேச்சு தீர்ந்து மறுபடி குளிரில் ஆரம்பித்தபோதும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப அனுப்பட்டுமா ட்ரூடிக்கு?" என்று அப்புறம் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

புதன்கிழமை மாலை குரல் வந்து சேர்ந்தது. நரெல் அடுப்பில் உருளைக்கிழங்கை வேக வைத்துக்கொண்டிருந்தாள். டாரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதையோ தட்டினான்.

"உன்ன மாதிரி ஒரு மட்டமான ஆட்டக்காரிய நான் என் ஜென்மத்துல பாத்ததில்ல, நரெல்."

கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. அச்சு அசல் அவன். அந்த இழுவை, அந்தக் கிண்டல், எல்லாம் அப்படியே. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் தோள் குலுங்கியது, ஆபரேஷனில் கழுத்தில் வைத்த துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தது. அவனும் சிரிக்கிறான் என்று அர்த்தம்.

மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். இந்தத் தடவை வெகு நேரம் ஆனது. எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். போனை மேசையில் வைத்து, அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

"நாளைக்கு ஸ்கேன்னு நெனச்சா பயமா இருக்கு. ஆரம்பத்துலேருந்தே பயமாத்தான் இருக்கு. அந்த லிஃப்ட்காரன் வாயால இத உங்கிட்ட சொல்ல எனக்குப் பிடிக்கல."

நரெல் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்டா," என்றாள். "இன்னும் சொல்லு."