மார்லிஸ் தூங்கவில்லை

மார்லிஸ் எங்கனின் கார் மூன்றாவது முறை என் பட்டறைக்கு வந்தது இழுவை வண்டியின் மேல். முன்பக்க மட்கார்டு உள்வாங்கியிருந்தது. ஒரு விளக்கு வயரில் தொங்கியது. இழுவைக்காரனுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்தாள்.

“பர்விஸுக்குக் காறை எலும்பு உடஞ்சிடுச்சு, ஹாலிஸ். எனக்கு இவ்வளவுதான்” என்று நெற்றியில் இருந்த பிளாஸ்திரியைத் தொட்டாள். “அவருக்கு எண்பத்தோரு வயசு.”

மார்லிஸ் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். எங்கள் கோல்டர் க்ரீக்கிலிருந்து கணவாய்க்கு அந்தப் பக்கம் வரை, பண்ணை வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், மாத்திரை பிரித்து வைப்பாள். எல்லாம் சொந்தக் காரில்தான். திங்கட்கிழமை தன் நோயாளிகளில் ஒருவரான பர்விஸை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, கணவாயின் இறக்கத்தில் இன்ஜின் பட்டென்று நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகி, கார் ஓரத்துத் தகட்டு வேலியில் மோதியது. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

அதுதான் அவளுக்கு வினையாகிப் போனது. போலீஸ்காரர் வந்து பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று பர்விஸின் மகன் அடித்துச் சொன்னான். காலை ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவள், ஊரும் நம்பியது. அவள் வேலை பார்க்கும் நிறுவனம் அவளை நிறுத்தி வைத்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டது.

“வண்டிய யாரு பாத்தாங்கன்னு கேட்டாங்க, உன் பேரச் சொன்னேன். நேத்து உனக்கு ஃபோன் பண்ணாங்களாமே. நீ என்ன சொன்ன?”

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது என்று மே மாதம் அவள் முதலில் வந்தபோது பெட்ரோல் பம்பை மாற்றிக் கொடுத்தேன். ஜூலையில் மறுபடி வந்தாள். ஸ்கேனரில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ராத்திரி நல்லாத் தூங்கிட்டு ஓட்டு” என்று வேறு சிரித்து வைத்தேன்.

“நீயும் என்னைத் தூங்குமூஞ்சின்னுதான் நெனச்ச” என்றாள்.

“அவன் யாரத்தான் நம்புனான்?” என்று உள்ளிருந்து என் மனைவி வெர்னா குரல் கொடுத்தாள். “குளிர்பெட்டி சத்தம் போடுதுன்னு நான் ஒரு வருஷமாச் சொல்றேன். எனக்குத்தான் காதுல கோளாறாம்.”

மார்லிஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

காரின் இன்ஜினை ஆட்டிவைப்பது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கனமான புத்தகம் அளவுக்கு இருக்கும். பெட்ரோல் எப்போது தெளிக்க வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்வது அதுதான். கோளாறுகளைக் குறித்து வைப்பதும் அதுவே. அதுவே மயங்கி விழுந்தால், விழுந்ததைக் குறித்து வைக்க ஆள் ஏது? இந்த யோசனை எனக்கு ஜூலையில் வந்திருக்க வேண்டும்.

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பெட்டியை மாற்றக் கூடாது. ஏற்கெனவே ஒரு பம்பை அப்படித்தான் மாற்றினேன். பெட்டிக்குப் போகும் கரண்ட் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை இணைத்து, டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன். இன்ஜின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் வயரிங்கில் குறை. பல்பு எரியும்போதே இன்ஜின் நின்றால் பெட்டிதான்.

“கணவாய்க்கு நான் ஓட்டிட்டுப் போறேன். நீ இங்கயே இரு” என்றேன்.

“நீ பல்பப் பாப்பியா, ரோட்டப் பாப்பியா? தள்ளு” என்று சொல்லி அவளே ஸ்டியரிங்குக்கு முன் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் மாதத்து வெயில். ஏற்றம் முழுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டே போனோம். உச்சியில் திரும்பி மூன்று முறை ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது இறக்கத்தில் எங்கள் பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து சேர்ந்தது.

“அவன முன்னால விட்டுடு” என்றேன்.

“எங்க ஒதுங்கறது? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம்.”

அவள் வாயை மூடுவதற்குள் இன்ஜின் சத்தம் அற்றுப்போனது. இருமவில்லை, திணறவில்லை. மடியில் இருந்த ஸ்கேனரில் எண்கள் எல்லாம் மறைந்து ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது. பல்பைப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“எரியுது!” என்று கத்தினேன். “மார்லிஸ், பல்பு எரியுது!”

“பல்பக் கட்டி அழு! பின்னால எவ்வளவு தூரத்துல வர்றான், அதச் சொல்லு!”

திரும்பினேன். பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகம்தான். அவன் ஹாரனை அழுத்தியபடியே வந்தான். மார்லிஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வளைவு தாண்டி, பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சரளை கொட்டிய மேட்டுப் பாதை ஒன்று பிரியும். எனக்கு அது நினைவே வரவில்லை. அவள் அதை நோக்கித்தான் வண்டியைக் கொண்டுபோயிருக்கிறாள். பிரேக்கை ஒரே ஒரு முறை அழுத்தி, வளைவைக் கடந்து, வலது பக்கம் முழுசாக ஒடித்தாள். சக்கரங்கள் சரளைக்குள் புதைந்து, கார் ஒரு குலுக்கலோடு நின்றது. கல் தூசி எங்களை மூடியது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டி இறங்கிப் போனது.

அவள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

“தூங்கிட்டே இப்படி ஓட்ட முடியுமாடா?” என்று கேட்டாள்.

அந்தப் பெட்டி இப்போது புதிதாக வருவதில்லை. நூற்றைம்பது மைலுக்கு அப்பால் பழைய கார்களை உடைக்கிற இடத்தில் அதே மாடலின் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. வியாழக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவது அரை மணி வேலை. அதற்குப் பிறகுதான் கஷ்டம். வேறொரு காரில் வாழ்ந்த பெட்டிக்கு இந்தக் காரின் வரிசை எண்ணையும் சாவியின் அடையாளத்தையும் லேப்டாப்பிலிருந்து எழுதி ஏற்ற வேண்டும். அரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் காரின் கரண்ட் இறங்கினால் பெட்டி செத்துவிடும், பிறகு எழுப்ப முடியாது. மாற்றுப் பெட்டி போட்டதும் வண்டி சரியாக ஓடினால்தான் பழைய பெட்டியின் மேல் குற்றம் நிற்கும். விசாரணைக்கு மறுநாள் காலை அதே காரில்தான் போவேன் என்று மார்லிஸ் பிடிவாதமாக இருந்தாள்.

பாட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டு எழுதத் தொடங்கினேன். ஐம்பத்தெட்டு சதவீதம் ஏறியிருந்தபோது இடி இடித்தது. பட்டறை இருண்டது. சார்ஜரின் உறுமல் நின்றது.

“போச்சு” என்றாள் வெர்னா.

லேப்டாப்புக்கு அதன் சொந்த பாட்டரி இருந்தது. காரின் பாட்டரி ஏற்கெனவே பலமிழந்து கிடந்தது. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பிறகு பதினொன்று புள்ளி ஒன்பது. அடுத்து பதினொன்று புள்ளி எட்டு.

“எவ்வளவு வரைக்கும் தாங்கும்?” என்று மார்லிஸ் கேட்டாள்.

“பதினொன்றரை. அதுக்குக் கீழ போனா உத்தரவாதம் இல்ல.”

ஓடிப்போய் என் பிக்கப் வண்டியின் பாட்டரியைக் கழற்றித் தூக்கி வந்தேன். இரண்டு பாட்டரியையும் இணைக்கும் கேபிளில் ஒரு கவ்வியின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. வைத்த இடத்தில் நிற்கவில்லை. மாற்றணும் மாற்றணும் என்று வெர்னா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தாள்.

“குடு இப்படி” என்று மார்லிஸ் கவ்வியை வாங்கினாள்.

“ஆட்டக் கூடாது. ஒரு தடவ விட்டுப்போய்ப் பொறி பறந்தாலும் போச்சு.”

“நடுங்கற கெழவங்க கையில ஊசி போடறவ நான். நீ வோல்ட்டப் பாரு.”

முள் பன்னிரண்டு புள்ளி நான்குக்கு ஏறியது. அவள் பானெட்டுக்குள் குனிந்து, இரண்டு கையாலும் கவ்வியை இறுக்கியபடி நின்றாள். மழை தகரக் கூரையில் கொட்டியது. லேப்டாப்பில் அறுபத்தேழு சதவீதம். எழுபத்து மூன்று. எண்பதில் எண் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் போயிற்று. பிறகு எண்பத்தொன்று. அவள் நெற்றி வேர்வை பிளாஸ்திரியை நனைத்துக் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. வெர்னா தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். பதினெட்டு நிமிடம் அப்படி நின்றாள்.

‘முடிந்தது’ என்று திரையில் வந்ததும் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவளால் விரல்களை நிமிர்த்த முடியவில்லை. வெர்னாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மழை விட்டதும் கணவாயில் ஆறு முறை ஏறி இறங்கினோம். நிற்கவில்லை.

திரும்பி வந்து ஒரு காகிதம் கேட்டாள். “நடந்தத எழுதிக் குடு. நாளைக்குக் காட்டணும்.”

பெட்டி கெட்டிருந்தது, மாற்றினேன் என்று நாலு வரி எழுதி நீட்டினேன். படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

“மே மாசம் எங்க? ஜூலை எங்க? நான் வந்து சொன்னது, நீ பாத்துட்டு அனுப்புனது?”

அதை எழுதினால் பர்விஸின் எலும்புக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அது அவளுக்கும் தெரியும். நான் வெர்னாவைப் பார்த்தேன்.

“என்னை ஏன் பாக்கற?” என்றாள். “வக்கீல் வருவான், இன்ஷூரன்ஸ்காரன் வருவான். வரட்டும். எழுது.”

எழுதினேன். இரண்டு முறை அவள் வந்து சொன்னாள், நான் நம்பவில்லை, வண்டியில் குறையில்லை என்று ஃபோனில் சொன்னது தவறு. கையெழுத்துப் போட்டு, பழைய பெட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் அவள் ஃபோன் செய்தாள். திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். குரலில் பெரிய சந்தோஷம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. பர்விஸின் மகன் என் மேல் வழக்குப் போட்டான். என் இன்ஷூரன்ஸ் தரப்பில் பேசி முடித்தார்கள். சில வாடிக்கையாளர்கள் வருவதில்லை. பர்விஸ் மட்டும், கட்டுப் போட அவளைத்தான் அனுப்ப வேண்டும் என்று மகனிடம் சண்டை போட்டு ஜெயித்தார்.

மார்லிஸ் இப்போது ஆயில் மாற்றக்கூட அடுத்த ஊருக்குப் போகிறாள். கடையில் பார்த்தால் நின்று பேசுவாள், வெர்னாவைக் கேட்பாள். காரைப் பற்றி நான் கேட்பதில்லை.