பூக்கட்டிக் கேட்ட கேள்வி

மலையில் பிறந்தவளுக்கு மலைப் பாதையில் குமட்டுகிறது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ராஜகுமாரியும் நானும் இத்தலார் பக்கத்து எஸ்டேட்டில் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அவளைக் கேலி செய்யும் உரிமை எனக்கு முழுசாக உண்டு. தேவர்சோலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கூடலூர் இறக்கத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். மேலே ஏறி வரும்போதும் அதே வளைவுகள்தான். அப்போது மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு வருவாள்.

"வளைவு என்ன புள்ள, ஒரு பக்கமாத்தான் வளையுதா?" என்று கேட்டேன். "போடி" என்றாள்.

இந்த முறை வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏனென்று கேட்டால் ஒழுங்கான காரணம் சொல்லத் தெரியவில்லை. புருஷன் கமலேஷ் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுகிறான். குறை சொல்ல ஆசைப்பட்டு வந்த லைன் பெண்களுக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அவரு வண்டிச் சத்தம் கேட்டா, சிரிச்சிட்டிருக்கறத நிறுத்திருவேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நானாத்தான் நிறுத்திருவேன்" என்றாள் என்னிடம். இதைப் பஞ்சாயத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் பஞ்சாயத்தும் சிரிக்கும்.

திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் உறவைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் அம்மா இசக்கியம்மா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகளையும் என்னையும் மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூக்கட்டிக் கேட்டுவிட வேண்டுமாம். வெள்ளைப் பூ வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

பூசாரி வெள்ளியங்கிரி இரண்டு பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். "மனசுக்குள்ள ஒரே கேள்வியாக் கேக்கோணும் அம்மிணி. வெளிய சொல்லப்படாது" என்றார். ராஜகுமாரி கண்ணை மூடினாள். சம்பந்தமில்லாத ஆள்தான் எடுக்க வேண்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். எப்படியும் பழி என் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

வெள்ளை.

இசக்கியம்மா "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராஜகுமாரி அழுதுகொண்டே சிரித்தாள். மாதக்கணக்காக நான் பார்க்காத சிரிப்பு. அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

தேயிலைக்கு நடுவே இறங்கி வரும்போது இசக்கியம்மா போனை எடுத்தாள். "மாப்பிள்ளைக்குச் சொல்லிரட்டுமா கண்ணு?"

"சொல்லிரும்மா" என்றாள் மகள், துள்ளாத குறையாக.

"காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிருவான்னு சொல்றேன்."

"யாரு?"

இசக்கியம்மா நின்றுவிட்டாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"திரும்பிப் போலாமான்னுதானே கேக்கச் சொன்னேன்? அம்மன் சரின்னுட்டாளே!"

"நான் பிரிஞ்சிரலாமான்னு..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவளைத் தள்ளிக்கொண்டு போய், "நெசத்தச் சொல்லு. என்னத்தக் கேட்ட?" என்றேன்.

"நெனப்பில்ல சசி. அம்மா சொன்னதத்தான் கேக்கப் போனேன். பாதியில மாறிருச்சு. அப்புறம் என்ன கேட்டேன்னே தெரியல. வெள்ளையப் பாத்ததும் மனசு லேசாயிருச்சு, அவ்வளவுதான்."

"சிவப்பு வந்திருந்தா?"

"திரும்பிப் போக வேண்டாம்னு அம்மன் சொல்லிட்டான்னு எடுத்துட்டிருப்பேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கூடை நிறையக் கொழுந்தை எடை போட இறக்கி வைத்தவளைப் போலத் தோள் தளர்ந்து நின்றாள். எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் இசக்கியம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன். போனை மடியில் செருகிக்கொண்டு, எங்களைத் தாண்டி வேகமாக வீட்டுக்கு நடந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் அழுகிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் பஸ்ஸுக்கென்று வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை இசக்கியம்மா அரிவாள்மணையில் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றாள் ராஜகுமாரி.

"மூக்குல வைக்கறதுக்கு இனி ஆளில்ல. சோத்துலயாவது புழிஞ்சு போடறேன். உக்காருங்க ரெண்டு பேரும்."