பின்வாசலை மிதிக்காதவர்

"ஹாலோவே நகரத்துக் கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து நடக்கக் காரணமானவர் டாக்டர் லெமுவல் பெட்டிஃபோர்டு. வெள்ளையரின் பின்வாசலை வாழ்நாளில் மிதிக்காதவர்."

அஞ்சலித் தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. தேவாலயத்தின் பக்கத்து அறையில் மகள் வெர்னெல் அதை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா உரிமைச் சங்கத்தின் தலைவர், ஊரின் ஒரே கறுப்பினப் பல் மருத்துவர். நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசுவார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

சவ அடக்கம் நடத்தும் கிரம்ப் தொண்டையைச் செருமினார்.

"வெர்னெல், அப்பாவோட கடைவாய்ப் பல்லுல ஒரு தங்க உறை இருக்கும்மா. கழட்டித் தரவா, அப்படியே போகட்டுமா?"

"தங்க உறையா? அவருக்கு யாரு போட்டது?"

கிரம்ப் தன் தொப்பியைப் பார்த்தார். "இந்த ஊரு வாயெல்லாம் கடைசியா மூடுறது நான்தானே. யார் கை வேலைன்னு பார்த்தாலே தெரியும். இது ஹாஸ்கின்ஸ் கை."

ஹாஸ்கின்ஸ் வெள்ளைக்காரப் பல் மருத்துவர். கறுப்பினத்தவரையும் பார்ப்பார், ஆறு மணிக்கு மேல், பின்வாசல் வழியாக.

வெர்னெலின் பத்தொன்பதாவது வயதில் அவளுடைய இடது கடைவாய்ப் பற்கள் இரண்டு சீழ் பிடித்தன. காப்பாற்றும் கருவி ஹாஸ்கின்ஸிடம்தான் இருந்தது. "என் மக அந்தப் பின்வாசல்ல கால் வைக்க மாட்டா" என்று அப்பா இரண்டையும் பிடுங்கினார். அடுத்த ஞாயிறு அவளை மேடையேற்றி, வாயைத் திறந்து சபைக்குக் காட்டச் சொன்னார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

அறை மூலையில் அம்மா கண்ணாடி முன் தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"வலி தாங்கலடி அவருக்கு."

"எனக்கு மட்டும் இனிச்சுதா?"

அம்மா ஊசியை எடுத்து மறுபடி குத்தினாள்.

"எப்போ போனாரு?"

"உனக்குப் பிடுங்கினாரே, அதுக்கு முந்தின மாசம்." பிறகு, "தாளைக் கசக்காத. கூப்பிடுறாங்க."

கிரம்ப் இன்னும் பதிலுக்காக நின்றிருந்தார்.

"வாயை நல்லா மூடிடுங்க, மிஸ்டர் கிரம்ப்."

மேடையில் வாசிக்கையில் அந்தப் பின்வாசல் வரி வந்தபோது அவள் குரல் தடுமாறவில்லை. சபை "ஆமென்" என்றது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தாள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கோழியில் பெரிய தொடையாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார்கள், அவர் மகள் என்பதால்.

வெர்னெல் அதை வலது பக்கமாக மென்றாள்.