சென்சார் மேல் வைத்த பொட்டு

ஓசூர் கோர்ட் பக்கத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த பரமசிவம், உட்காரும் முன்பே வக்கீல் நோட்டீஸை மேசையில் போட்டார். தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் லைனுக்கு சூப்பர்வைசர். நோட்டீஸ் அனுப்பியது அவருக்குக் கீழே வேலை பார்த்த எட்சன். வாட்ஸ்அப்பில் பேசிப் போட்டதற்காக அவதூறு வழக்குப் போடுவேன் என்று இருந்தது.

“சாமிய அவமானப்படுத்துனத கேட்டேன் மேடம். அதுக்குப் போய் கேஸா? பேசறதுக்கு நமக்கு உரிமை இல்லியா?”

உரிமையைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் படிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. “என்ன பேசுனீங்க? போட்டுக் காட்டுங்க” என்றேன்.

போனில் அவர் குரல் கத்தியது. ஆயுத பூஜைக்கு மிஷினில் வைத்த பொட்டை எட்சன் வேண்டுமென்றே அழித்துவிட்டானாம், வேற்று மதத்துக்காரனை லைனில் வைத்தால் இப்படித்தானாம். கம்பெனி பஸ் குரூப்பில் போட்டது எட்சன் குடியிருந்த பேரிகை ஊர் வரை போய்விட்டது. வாடகைக்கு விட்டிருந்த கெம்பம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எட்சனை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்ட்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

“பொட்டு எங்க வெச்சிருந்துச்சு?”

அவர் குரல் இறங்கிவிட்டது. “சென்சார் கண்ணாடி மேல. கை உள்ள போனா மிஷின நிறுத்துமே, அது. நான்தான் வெச்சேன். மறுநாள் பொட்டு மறைச்சு மிஷின் ஓடல, அதான் தொடச்சிருக்கான். மெயின்டெனன்ஸ்ல அப்புறமாத்தான் சொன்னாங்க.”

“தெரிஞ்சதும் குரூப்ல சொன்னீங்களா?”

“கௌரவக் கொறச்சலா இருந்துச்சு மேடம்.”

கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். “உங்க சாமிய நீங்க கும்பிடலாம், அவர் சாமிய அவர் கும்பிடலாம். கம்பெனியத் திட்டணுமா, திட்டுங்க. ஆனா செய்யாத தப்பச் செஞ்சதா சொல்லி ஒருத்தர் பேரக் கெடுக்க உங்களுக்கு உரிமை கெடையாது. அவரோட நல்ல பேரும் சட்டம் காக்கற சொத்துதான்.”

என் முன்னாலேயே அதே குரூப்பில் மன்னிப்புக் கேட்டுப் பேசிப் போட்டார். கட்டைவிரல் காட்டினார்கள் சிலர். அதை மட்டும் யாரும் மற்ற குரூப்புக்கு அனுப்பவில்லை.

சமாதானம் பேச எட்சனும் மனைவி வின்சியும் வந்தார்கள். வழக்கு வேண்டாம் என்று எழுதிய தாளை எட்சன் படித்தார்.

“வேலைக்கு நான் பேசறேன் தம்பி. திரும்ப வந்துரு” என்றார் பரமசிவம்.

“வேணாம்ணே. புள்ளைக்கு டி.சி. வாங்கியாச்சு, ஊருக்கே போறோம்.” எட்சன் தாளைக் கீழே வைத்தார். “தெனம் பஸ்ல உங்க பக்கத்துலதான உக்காந்து வந்தேன். ஏண்டா தொடச்சன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே.”

பரமசிவம் அழுதுவிட்டார். எட்சன் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வின்சி எழுந்தாள்.