தட்சிணாமூர்த்தி காலுக்கு எறங்காத ரத்தம்

மேல்பட்டாம்பாக்கம் தட்சிணாமூர்த்திக்கு ஒடம்புல ஓடற ரத்தம் இடுப்புக்குக் கீழ எறங்கறதில்ல. அதனால அவரு தரையில இருந்து ஒரு சாண் மேலதான் நிப்பாரு, கோவம் வந்தா இன்னும் ஜாஸ்தி. இது ஒண்ணும் புதுசு இல்ல, வருசம் நாலு ஆவப் போவுது. ரேஷன் கடை வரிசையில அவரு வந்து நின்னா, பின்னாடி இருக்கறவங்க அவரு காலுக்கு அடியில பைய வச்சிட்டு வூட்டுக்குப் போயி ஒல வச்சிட்டு வருவாங்க. யாராவது பைய நகத்துனா அவரு மேல இருந்தே திட்டுவாரு, அதுல ஒரு சவுரியம்.

அவரு கடலூரு சிதம்பரம் போற பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டரு. நின்னே பொழச்ச மனுசன், அப்பல்லாம் ரத்தம் மொத்தமும் காலுக்கு எறங்கி, கெண்டக்கால் நரம்பு பச்சையா சுருட்டிக்கிட்டுக் கெடக்கும். வாயி அதுக்கு மேல. சில்லறைக்கு சண்ட, படியில நிக்கறவன்கிட்ட சண்ட, கூடைய உள்ள ஏத்தற கெழவிகிட்ட சண்ட. ஆனா உசுரா வச்சிருந்த சண்ட ஒண்ணே ஒண்ணுதான், பொண்டாட்டி செங்கமலத்தோட தம்பி ராஜமாணிக்கத்தோட. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விடறது மச்சான் மொறை இல்லியா, ராஜமாணிக்கம் செம்புல கொண்டாந்தது பாய்லர்ல இருந்து அப்படியே புடிச்ச வென்னீரு. ஊத்துன ஊத்துல ரெண்டு கட்டவெரலும் கொப்புளிச்சிப் போச்சு. தெரியாம ஊத்திட்டேன்னு இவன் சொன்னான். மச்சானுக்குப் போடற மோதிரம் வெயிட்டு கம்மின்னு யாரோ அவன் காதுல ஓதிட்டாங்க, அதான் வேணும்னே ஊத்துனான்னு அவரு சொன்னாரு. அன்னையில இருந்து ரெண்டு பேரும் ஒரே பந்தியில ஒக்காந்தது கெடையாது. செங்கமலம் நடுவுல நின்னு நின்னு அவ பாதி ஆயிட்டா.

நாலு வருசத்துக்கு முன்னாடி சிதம்பரத்துல ஆராய்ச்சிக்காரங்க ஒரு கட்டடம் புடிச்சி உள்ள வரிசையா கட்டில் போட்டாங்க. ஆகாசத்துக்குப் போறவங்களுக்கு எடையே இருக்காதாம். எடை இல்லன்னா ரத்தம் எந்தப் பக்கம் ஓடும், இதயம் என்ன பண்ணும்னு பாக்கணுமாம். அதுக்காக ராக்கெட்டு ஏற வேணாம், கட்டிலோட தலமாட்டக் கொஞ்சம் எறக்கி ஆளப் படுக்கப் போட்டாலே ஒடம்பு ஏமாந்துரும்னு டாக்டரம்மா வெண்மதி சொன்னாங்க. ரெண்டு மாசம் எழுந்திரிக்கவே கூடாது. சோறு, குளியல், வெளிக்குப் போறது எல்லாம் படுத்தாப்புலயே. பொண்ணு இலக்கியாவோட நிச்சயதார்த்தத்துல இந்தப் பேச்சு வந்துச்சு. ராஜமாணிக்கம் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க மாமாவப் படுக்க வைங்க பாப்போம். ரெண்டே நாள்ல கட்டிலோட சண்ட போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருவாரு"ன்னான். சம்பந்தி வூட்டுக்காரங்க வாய்விட்டு சிரிச்சாங்க. "படுத்துக் காட்டுனா?"ன்னாரு தட்சிணாமூர்த்தி. "நானே சிதம்பரம் வந்து, ஒங் காலத் தொட்டு, நீயும் ஒரு மனுசன்தான்னு ஒத்துக்கறேன் மாமா." மறுநாளே போயி படுத்துட்டாரு.

படுத்ததும் ரத்தம் மேல பொறப்பட்டுச்சு. மூஞ்சி பூரி மாதிரி உப்பிச்சு, மூக்கு அடைச்சிக்கிச்சு, கழுத்து நரம்பு பொடைச்சிக்கிச்சு, கால் ரெண்டும் முருங்கக்கா மாதிரி வத்திப் போச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் ஆவும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மத்தவங்க திருட்டுத்தனமா தலைய தூக்கி செல்போன் பாத்தாங்க, இவரு தலவாணி கூட கேக்கல. ரெண்டு மாசம் முடிஞ்சி மத்தவங்கள எழுப்பி நிக்க வச்சாங்க. ரத்தம் சடார்னு காலுக்கு எறங்கி, ரெண்டு பேரு மயங்கி விழுந்து, அப்புறம் சரியாயி ஊருக்குப் போனாங்க. இவரு எழுந்திரிக்கல. "அந்த நாயி வந்து ஒத்துக்கட்டும், அப்புறம் எழுந்திருக்கறேன்"னாரு. கடலூர்ல பெயிண்டு கடை வச்சிருக்கற ராஜமாணிக்கம், கடையில ஆளு இல்ல, வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டான். கடையில மூணு ஆளு இருந்தாங்க. இவன் வரல, அவரு எழுந்திரிக்கல, கார்த்திகை போயி மார்கழியும் போச்சு. "அய்யா, ஒங்க ரத்தம் மேலயே குடித்தனம் பண்ணப் பழகிடுச்சு, தயவுசெஞ்சி எழுந்திருங்க"ன்னு டாக்டரம்மா கெஞ்சுனாங்க. கடைசியில செங்கமலம் வந்து, "தையில பொண்ணுக்குக் கல்யாணம். நீ இங்கியே கெட, நான் போட்டோவ வச்சித் தார வார்த்துக்கறேன்"னு கத்துனா. அதுக்குத்தான் எழுந்தாரு. எழுந்தா, கால் தரைக்கு வரல. ரத்தம் கீழ எறங்கலன்னா கால்ல என்ன கனம் இருக்கும், தக்கை மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. டாக்டரம்மா டேப்பு வச்சி அளந்துட்டு, பொடவ முந்தானையில கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. தொடையில பட்டை கட்டி ரத்தத்தக் கீழ நிறுத்தப் பாத்தாங்க, அது நிக்கல. இதுக்கும் கீழ எங்கியாவது இறுக்கிக் கட்டுனா தங்கும், எங்கன்னு தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

கல்யாணம் திருவந்திபுரம் கோயில்ல. முகூர்த்த நாள்ல அங்க எத்தன ஜோடின்னு ஒங்களுக்குத் தெரியும், ஒரு மாலை எறங்கறதுக்குள்ள அடுத்த மாலை ஏறும். பொண்ணு கையப் புடிச்சித் தார வார்க்கற நேரத்துல அய்யரு நிமிந்து பாத்துட்டு, "பூமியில கால் படாம கன்னிகாதானம் பண்ண முடியாது"ன்னுட்டாரு. அரிசி மூட்டைய தோள்ல வச்சாங்க, மூட்டையோட நின்னாரு. ரெண்டு தடிப்பசங்க இடுப்பப் புடிச்சித் தொங்குனாங்க, அவனுங்களுக்கு வேட்டி அவுந்ததுதான் மிச்சம். சம்பந்தி கதிர்வேல், நல்ல நாள்லயே மொகரைய தூக்கி வச்சிருக்கற ஆளு, "தரையில நிக்காதவன் வூட்டுப் பொண்ணு எங்களுக்கு எதுக்கு? மாலைய கழட்டுடா"ன்னு மவன்கிட்ட சொல்லிட்டாரு. அடுத்த கல்யாணக்காரங்க வேற, "எடத்த வுடுங்க, எங்களுக்கு நேரம் போவுது"ன்னு இடிக்கறாங்க. இலக்கியா அப்பாவ அண்ணாந்து பாத்து, "ஒரே ஒரு நிமிசம் நில்லுப்பா"ன்னு அழுதா. அவமானத்துல அவருக்கு ரத்தம் இன்னும் ஏறி, இன்னும் அரை அடி மேல போயிட்டாரு.

அப்பத்தான் ராஜமாணிக்கம் பூக்காரிகிட்ட இருந்து வாழநாரு ஒண்ண உருவிக்கிட்டு வந்தான். "கால் கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுனா நிக்கும்"னான். பொணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க, உசுரோட இருக்கறவனுக்கு யாரு கட்டுவா? செங்கமலம் வாயில அடிச்சிக்கிட்டா. தட்சிணாமூர்த்தி பொண்ணு மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் பல்லக் கடிச்சிக்கிட்டு, "கட்டுறா"ன்னாரு. "இத்தன வருசமா இதுக்குத்தானே மாமா காத்துக்கிட்டு இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே, அன்னிக்கு வென்னி ஊத்துன அதே ரெண்டு வெரலையும் சேத்து, முழங்கால் போட்டு இறுக்குனான் பாருங்க. ரத்தம் கடகடன்னு கீழ எறங்கற சத்தம் நாயனத்துக்கு மேல கேட்டுச்சு. மனுசன் தொப்புன்னு தரையில நின்னாரு. தார வார்த்தாரு, தாலி ஏறிச்சு, கதிர்வேல் மொகரைய எறக்கி வச்சாரு.

எல்லாம் முடிஞ்சி, "அவுருடா"ன்னாரு தட்சிணாமூர்த்தி. "இத அவுக்கற எடம் சுடுகாடு மாமா, இங்க இல்ல"ன்னுட்டு ராஜமாணிக்கம் பந்திக்குப் போயிட்டான். அவரே குனிஞ்சி நார அறுத்தாரு, அறுத்த வேகத்துல மண்டப உத்தரத்துல மண்ட இடிச்சிது. அங்கியே பந்திக்கு மேல நின்னு இலைய கையில வாங்கி சாப்ட்டாரு. ரசம் ஊத்தறப்ப இலையச் சாச்சாரு, அது நேரா ராஜமாணிக்கம் தலையில விழுந்துச்சு. கை தவறிடுச்சின்னு சொன்னாரு.

இப்ப பழைய பஸ்லதான் வேல. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஆளுங்க தலைக்கு மேலயே போயி டிக்கெட்டு குடுத்துட்டு வந்துடறாரு, மொதலாளிக்கு சந்தோசம். அவுங்க வூட்டுல நல்லது எதுன்னாலும் வெத்தல பாக்குக்கு முன்னாடி வாழநாரு வாங்கிடுவாங்க, ராஜமாணிக்கத்துக்கும் ஆள் போயிடும். அவனத் தவிர வேற யாரு கட்டுனாலும் நிக்கறதில்ல, டாக்டரம்மாவே வந்து கட்டிப் பாத்துட்டாங்க. போன மாசம் இலக்கியா புள்ளைக்குக் காது குத்துனாங்க. ராஜமாணிக்கத்துக்கு இப்ப முட்டி மடங்கறதில்ல, குனிய முடியாது. அதனால அவன் வாசல்ல நின்ன நெலையிலேயே, மோதிரத்துல ஆரம்பிச்சி மாமனோட ஏழு தலமொறையையும் இழுத்துத் திட்டுனான். இவரு பதிலுக்குத் திட்டிக்கிட்டே மேல ஏறுனாரு, முழங்கால் ஒசரம், இடுப்பு ஒசரம். கட்டவெரலு ரெண்டும் அவன் நெஞ்சுக்கு நேரா வந்ததும் திட்டறத நிறுத்திட்டு, நாரு எடுத்துக் கட்டுனான்.