பரஸ்காவின் பன்னிரண்டு முட்டைகள்

இத்தாலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கம் அவள் வேலைசெய்த நாலாம் மாடி வீடொன்றின் அலுமாரிக்குப் பின்னால் விமலராணி முதல் முட்டையைக் கண்டது 1998 நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலையில். கறுப்பு முட்டை. அதன்மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் ஏணி, கொம்புள்ள மிருகம், முள்ளு, கட்டம். தூசித்துணி கையிலிருந்து நழுவியது. உருக் கீறிய முட்டையை வீட்டு மூலையில் யாரும் சும்மா வைப்பதில்லை என்பது அவள் ஊர் மன்னாரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரருக்குச் சூனியம் பலிக்காது என்று சுவாமியார் சொல்லியிருந்தார். சுவாமியார் ஒருநாளும் அலுமாரிக்குப் பின்னால் தூசி தட்டியவரல்ல.

அன்று மத்தியானமே வீட்டுக்காரக் கிழவி, சிஞ்ஞோரா, குளியலறையில் வழுக்கி விழுந்து வலக்கையைச் சுளுக்கிக்கொண்டார். அந்தக் கைதான் விமலராணியின் வேலைக் கடிதத்தில் ஒப்பம் வைக்கவேண்டிய கை. ஒப்பம் இல்லாவிட்டால் நாட்டில் இருக்கும் அனுமதி, பெர்மெஸ்ஸோ, இல்லை. பொலிஸ் வண்டியைக் கண்டு ஆறு வருடமாக ஒழுங்கைக்குள் பாய்ந்தவளுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் தவணை இருந்தது.

தேடத் தேட முட்டைகள் வந்தன. நிலைக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, திரைச்சீலைப் பெட்டிக்குள். பன்னிரண்டோடு நின்றன. அதற்குப் பிறகு சிஞ்ஞோராவுக்குப் பொரிக்கிற கோழிமுட்டையைக்கூட அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் உடைத்தாள்.

கீழ்வீட்டில் வேலைசெய்த அகஸ்ரீனாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"உனக்கு முதல் அங்கை நிண்ட உக்ரேன் மனுசி செத்தெல்லோ போனது. தன்ரை இடத்துக்கு வாறவளைக் கட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறாள்."

"உடைச்சுப் போடட்டோ?"

"உடைச்சால் உடைச்சவளுக்குத்தான். கடலிலை விடடி. திரும்பிப் பாராமல் வா."

சிஞ்ஞோராவின் துவாயில் சுற்றி, மடியில் வைத்து, ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு பஸ்ஸில் போனாள். சாரதி மூன்றுமுறை பிரேக் போட்டான். மூன்றுமுறையும் அவள் ஒரு முழுச் செபமாலை சொல்லி முடித்தாள். கடலில் விட்ட முட்டைகள் தாழவில்லை. தாயைத் தேடும் ஆட்டுக்குட்டி மாதிரி மிதந்து கரைக்கு வந்தன. மறுபடி விட்டாள். மூன்றாம்முறை பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் வந்து அவள் செருப்படியில் நின்றன. நம்பாதவர்கள் அங்குள்ள மீன்காரரைக் கேட்கலாம், அவர்களும் நம்பவில்லை.

கடலே வேண்டாம் என்றதை வேறெங்கே விடுவது? எடுத்த மூலைகளிலேயே வைத்துவிடத் திரும்பினாள்.

கதவைத் திறந்தால் அலுமாரி நடு அறையில் நின்றது. சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் ஒரு வெளிறிய பெண். செத்தவளின் மகள் ஸ்தெஃபா, மூன்று நாள் பஸ்ஸில் வந்தவள், அம்மாவின் முட்டைகளுக்காக. இருவரும் சொட்டுச்சொட்டாக நீர் வடிந்த துவாயைப் பார்த்தார்கள். விமலராணி துவாயை மேசையில் வைத்து விரித்தாள்.

"களவில்லை, சிஞ்ஞோரா. பயத்திலை கொண்டுபோனனான்."

ஸ்தெஃபா ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சாயம் போகவில்லை. தெரிந்த அரைகுறை இத்தாலியனில் அவள் சொன்னது இது: அம்மா பரஸ்கா, பகலில் கூட்டுப்பண்ணையில் பீற்றூட் கிண்டியவள். சோவியத் ஆட்சியில் கோயில் சம்பந்தமானதைக் கீறக்கூடாது என்றிருந்த காலத்தில், சன்னலுக்குத் துணிகட்டி, உயிர்த்த ஞாயிறுக்கான பச்சை முட்டைமேல் மெழுகால் எழுதிச் சாயம் தோய்த்தவள். பின்னாளில் பத்திரிகையில் படம் வந்தது; அதற்கும் பின்னாளில் சம்பளம் நின்றது; பலேர்மோவுக்குக் கிழடுகளைக் குளிப்பாட்ட வந்தாள். இடியும் தீயும் வராதிருக்க மூலைகளில் முட்டை வைப்பது அவர்கள் வழக்கம். இப்போது ஊர் நூதனசாலை இந்தக் கடைசி முட்டைகளைக் கேட்கிறது.

சிஞ்ஞோரா பன்னிரண்டையும் எண்ணினார். பரஸ்கா இருந்த காலத்தில் வாங்கிய முட்டை குறைகிறதென்று அவர் மூன்று கடைக்காரரை மாற்றியிருந்தார்.

பிறகு விமலராணியின் கடிதத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். வீட்டுப் பொருளைச் சொல்லாமல் கடலில் எறிகிறவளுக்கு எப்படிக் கையெழுத்து வைப்பது என்று கேட்டார். ஸ்தெஃபாதான் ஒரு முட்டையைப் பொறுக்கி நீட்டினாள், இருந்ததில் மிகக் கறுப்பானதை. அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டைப் பார்ப்பவளுக்கும் ஒன்று சேரவேண்டும், வாங்கினால் தனக்கு மனக்குறை இல்லை என்றாள்.

"வாங்கட்டும். பிறகு எழுதுகிறேன்" என்றார் சிஞ்ஞோரா, வீங்கிய விரல்களுக்குள் பேனாவைச் செருகியபடி.

கொம்புள்ள மிருகம் விமலராணியைப் பார்த்தது. இரண்டு கையாலும் வாங்கினாள்.

ஒப்பம் கோணலாக விழுந்தது, ஆனால் ஒப்பம்தான். கடிதத்தைச் சட்டைக்குள்ளும் முட்டையை உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாம் மாடியில், முட்டைக்குள் ஏதோ ஒருமுறை உருண்டு நின்றது.

காய்ந்த மஞ்சட்கருவாகத்தான் இருக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.